தையல் மேசையில் குழந்தைகள்

பிளந்த சதையை நூலால் இணைக்கும் வேலை மிகப் பழையது. சுசுருத சம்ஹிதை தையலுக்குச் சணல், மரப்பட்டை நார், தசைநார், முடி என்று பலவற்றைச் சொல்கிறது; கத்தி வைக்கும் முன் நோயாளிக்கு மது கொடுக்கவும் சொல்கிறது. வலி தெரியாமல் தைப்பது மட்டும் 19-ஆம் நூற்றாண்டில்தான் கைகூடியது. அந்த வசதி பெரியவர்களிடமிருந்து குழந்தைகளிடம் வந்து சேர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. மருந்து கைவசம் இருந்தது. குழந்தைக்கும் அது வேண்டும் என்ற எண்ணம்தான் பிந்தியது.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, வலியில்லா அறுவையை ஊரறியச் செய்து காட்டினார். மறு ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஆனால் சின்னக் காயத்துக்கு முழு மயக்கம் கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகவே அன்று இருந்தது. 1848 ஜனவரியில், இங்கிலாந்தின் நியூகாசில் அருகே, கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் முகர்ந்த 15 வயது ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்துபோனாள். இதற்குப் பின் மருத்துவர்கள் தயங்கியதில் நியாயம் உண்டு. அதே ஆண்டில் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஹென்றி ஜேக்கப் பிக்லோ சொன்ன காரணத்தில் அந்த நியாயம் இல்லை. கைக்குழந்தைக்கு வரப்போகும் வலியைப் பற்றிய பயமும் கிடையாது, பட்ட வலியின் நினைவும் கிடையாது, ஆகவே மயக்கம் தேவையில்லை என்றார் அவர். குளோரோஃபார்ம் வழக்கொழிந்த பிறகும் இந்த வாதம் உயிரோடு இருந்தது.

காயம்பட்ட இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் வழியை 1884-இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் காட்டினார். கண்ணில் விட்ட கோகெய்ன் சொட்டு அது. பின்பு புரோகெய்ன் வந்தது. 1943-இல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரன் லிக்னோகெய்னை உருவாக்கினார். சைலோகெய்ன் என்ற பெயரில் நம் ஊர் தையல் அறைகளிலும் புழங்குவது அதுதான்.

தையலுக்கு வரும் குழந்தை மிகவும் பயப்படுவது இந்த மருந்தைச் செலுத்தும் ஊசிக்குத்தான். லிக்னோகெய்ன் திரவம் அமிலத்தன்மை உள்ளது. ஏற்கெனவே ரணமான இடத்தில் அது இறங்கும்போது தீயாய் எரியும். ‘எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்’ என்று பெரியவர்கள் சொல்லும் சமாதானத்தைக் குழந்தை அந்த நொடியோடு நம்பாமல் போகிறது. அதன்பின் யார் சொல்லும் எடுபடாது. அதனால் கையையும் காலையும் சேர்த்துப் போர்வையில் சுற்றி, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்த, மருத்துவர் அவசரமாகத் தைப்பதே உலகெங்கும் நடைமுறையானது. பட்டைகள் வைத்துக் கட்டும் பலகைகள்கூட விற்பனைக்கு வந்தன. தாயைப் பெரும்பாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஜோன் ஈலண்டும் ஆண்டர்சனும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை நடந்த 25 குழந்தைகளில் 13 பேருக்கு ஒரு வேளை வலி மருந்துகூடக் கொடுக்கப்படவில்லை. பச்சிளங்குழந்தைகளின் அறுவையிலேயே போதிய வலிநீக்கம் இல்லாதிருந்த காலம் அது. இந்தியாவில் பிறந்த கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு சகாக்களும் 1987-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, வலி மருந்து சேர்த்துக் கொடுத்தால் குறைமாதக் குழந்தையின் உடல் அறுவையின் அதிர்ச்சியை எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்பதை ஹார்மோன் அளவுகளைக் கொண்டே காட்டியது. பிக்லோவின் வாதம் அதோடு செல்லாக்காசானது.

பயத்தைப் பற்றிய பார்வை சற்று முன்பே மாறத் தொடங்கியிருந்தது. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த படம், தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் துயரத்தை மருத்துவர்களின் கண்முன் நிறுத்தியது. 1959-இல் பிரிட்டனின் பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் உடனிருக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1980-களில் டோனா வாங்கும் கோனி பேக்கரும் உருவாக்கிய ஆறு முகங்கள், வலிக்குப் பேர் சொல்லத் தெரியாத குழந்தையும் விரலால் தொட்டுச் சொல்ல வழி செய்தன.

தையலைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் 1980-இல் வந்தது. டெட்ராகெய்ன், அட்ரினலின், கோகெய்ன் மூன்றும் கலந்த திரவத்தில் பஞ்சை நனைத்துக் காயத்தின் மேலேயே வைத்தால், ஊசி இல்லாமல் இடம் மரத்துப்போகும் என்று அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் உதட்டிலும் மூக்கின் உட்புறத்திலும் கோகெய்ன் வேகமாக ரத்தத்தில் கலந்து, வலிப்பும் மரணமும் நேர்ந்தன. 1990-களில் கோகெய்னை நீக்கி லிக்னோகெய்னைச் சேர்த்தார்கள். இந்தக் கலவை வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் வேண்டும். காயத்தைச் சுற்றி ரத்தம் வற்றித் தோல் வெளுத்தால் மரத்துவிட்டது என்று பொருள். அந்த அரைமணி நேரத்தைப் பல அவசரப் பிரிவுகள் வீண் தாமதமாக நினைத்தன. குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்து அழுகை அடங்க அதைவிட நல்ல இடைவெளி வேறில்லை.

ஊசி போட்டே ஆக வேண்டிய இடங்களுக்கும் நயமான முறைகள் பிறந்தன. பத்துப் பங்கு லிக்னோகெய்னுக்கு ஒரு பங்கு சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் எரிச்சல் தணியும். மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய ஊசியால், காயமில்லாத தோலைக் குத்தாமல் காயத்தின் விளிம்புக்குள்ளிருந்து மெதுவாகச் செலுத்தினால் இன்னும் குறையும். ஆழமான, சிக்கலான காயங்களுக்கு, 1970-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கீட்டமின் கைகொடுத்தது. மூச்சு பெரும்பாலும் நிற்காமலே ஆழ்ந்த வலியின்மை தருவதால், வசதி குறைந்த மருத்துவமனைகளிலும் அது நிலைத்தது.

தையலையே தவிர்க்கும் முயற்சியும் கூடவே நடந்தது. சயனோஅக்ரிலேட் பசை குழந்தைகளின் முகக்காயங்களுக்குத் தையல் அளவுக்கே நல்ல தழும்பு தருகிறது என்பதைக் கனடாவில் ஜேம்ஸ் குவின் 1993-இல் காட்டினார்; அமெரிக்கா 1998-இல் அத்தகைய தோல் பசையை அனுமதித்தது. 2002-இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் தலைக்காயத்துக்கு எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள்: இருபுறமும் உள்ள சில முடிகளை எடுத்து, குறுக்கே ஒரே ஒரு முறுக்கு முறுக்கி, மேலே ஒரு சொட்டுப் பசை. தலையை மழிக்க வேண்டாம். தையல் பிரிக்க மறுபடி வர வேண்டிய அவசியமும் இல்லை. முடி வளர வளரப் பசை தானே விலகிவிடும்.