கவலைக்கு ஒரு வரலாறு

இளைஞர்களே, கவலை என்னும் சொல்லைப் பழந்தமிழ்ப் புலவர்கள் இரண்டாகப் பிரிந்து செல்லும் வழிக்கும் வழங்கினர். எவ்வழியே செல்வது என்று அறியாமல் வழிப்போக்கன் நின்று மயங்கும் இடம் அது. எங்கள் ஊத்தங்கரைப் பக்கத்து உழவர்களோ, எருது பூட்டித் தோற்பையால் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பையும் கவலை என்றே அழைத்தனர். மின்சாரப் பம்பு வந்தபின் அந்தக் கவலை ஒழிந்தது. மனக்கவலை மட்டும் ஒழியவில்லை. பெருகியது என்றுகூடச் சொல்லலாம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவு முறை வேலை பார்த்து உறக்கம் கெட்டவர்களையும், மதிப்பெண்ணை எண்ணி எண்ணி உணவு இறங்காத மாணவர்களையும் இன்று எங்கள் மாவட்டத்தில் காண்கிறேன்.

நானும் அத்தகைய மாணவனாய் இருந்தவனே. 1974ஆம் ஆண்டு கல்லூரித் தேர்வு நெருங்கியபோது இரவுதோறும் விழித்துக் கிடந்தேன். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், படித்த வரியையே பத்து முறை படித்தாலும் பதியாது. அறிவுரை கூறாதவர் இல்லை. "கவலைப்படாதே" என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம், கவலைப்படுகிறோமே என்னும் புதுக்கவலை ஒன்று வந்து சேர்ந்துகொள்ளும். எங்கள் தெருவில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் மட்டும் அறிவுரை எதுவும் கூறவில்லை. "நாளைக்கு என்னோடு திருப்பத்தூர் வருகிறாயா, தம்பி?" என்று கேட்டார். மறுநாட் காலை சாமல்பட்டியில் இரயில் ஏறினோம்.

அவர் என்னை அழைத்துச் சென்ற இடம் கிறிஸ்துகுல ஆசிரமம். 1921இல் அதனைத் தோற்றுவித்தவர் இருவர். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழர். மற்றவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் மருத்துவர்கள். வெள்ளையரும் இந்தியரும் சமமாய் நடத்தப்படாத மிஷன் முறை அவர்களுக்கு ஒவ்வவில்லை. ஆகவே மணம் புரியாமல், கதர் உடுத்து, மரக்கறி உணவு உண்டு, ஓரில்லத்துச் சகோதரர்களாய் வாழத் துணிந்தனர். ஊரார் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். நான் சென்றபோது இருவரும் மறைந்துவிட்டனர். கோபுரத்தோடு திராவிடக் கோயில் அமைப்பில் எழுந்த அவர்களுடைய ஜெபாலயம் மரங்களுக்கிடையே நின்றது. உள்ளே சென்று தரையில் அமர்ந்தோம். ஆசிரியர் ஒரு சொல்லும் பேசவில்லை.

இதனை உலகத்துக்கு அஞ்சி ஓடியவர்களின் புகலிடம் என்று எண்ணிவிடாதீர்கள். 1932இல், சட்டமறுப்பு இயக்கம் நடந்த நாட்களில், கதர் அணிந்த பேட்டன் சென்னைத் தெருவில் போலீஸாரின் தாக்குதலுக்கும் கைதுக்கும் ஆளானார். பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் அதுபற்றிக் கேள்வி எழுந்தது. அமைதியை நாடியவர்கள் அல்லல் வரும் வழியை அடைத்துவிட்டு அமர்ந்திருக்கவில்லை. ஜெபமும் எளிய உணவும் நாளின் ஒழுங்கும் ஒருபுறம். மருத்துவமனையும் நோயாளர் கூட்டமும் மறுபுறம். இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தன.

இத்தகைய ஆசிரம வாழ்வை நாடிய மற்றொருவரின் கதையைப் பின்னாளில் படித்தேன். அவர் அமெரிக்க மெதடிஸ்ட் ஊழியரான ஸ்டான்லி ஜோன்ஸ். 1907இல் இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவுக்கு வந்தவர். எட்டு ஆண்டு ஓயாது உழைத்தபின் அவருடைய நரம்புத் தளர்ச்சி முற்றியது. மலைக்குச் சென்று ஓய்வெடுத்தார். தாய்நாடு சென்றும் ஓய்வெடுத்தார். திரும்பி வந்ததும் மீண்டும் தளர்ந்தார். பிறருக்கு நம்பிக்கையைப் போதிக்க வந்தவரே நம்பிக்கை இழந்தார்! லக்னோவில் ஒருநாள் ஜெபத்தில் இருந்தபோது, தம் சுமையை இறைவனிடம் விட்டுவிட்டால் அதனை அவன் பார்த்துக்கொள்வான் என்னும் உறுதி தமக்குப் பிறந்ததாக அவர் எழுதியுள்ளார். 1971இல் பக்கவாதம் தாக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் நாடு நாடாகச் சுற்றினார்.

கதையை இவ்வளவில் நிறுத்திவிடுவோர் பலர். எனக்கோ இதற்குப் பின் நிகழ்ந்தவையே பெரிதாகத் தோன்றுகின்றன. உறுதி பிறந்த அந்த ஒரு நாளை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. நாள்தோறும் விடியலில் தனித்திருந்து இறைவனுக்குச் செவிகொடுக்கும் வழக்கத்தை விடாது காத்தார். காந்தியடிகளின் சபர்மதியிலும் தாகூரின் சாந்திநிகேதனத்திலும் தங்கிக் கற்றார். 1930இல், குமாவுன் மலையின் ஏரிகளுக்கும் காடுகளுக்கும் நடுவே, சாத்தாலில் ஓர் ஆசிரமம் கண்டார். 1950இல் லக்னோவில் நூர் மன்சில் என்னும் மனநல மருத்துவ நிலையம் தோன்றக் காரணமாயிருந்தார். ஜெபத்தால் நலம் பெற்றேன் என்று சாட்சி சொன்ன மனிதர், மற்றவர்களும் ஜெபத்தால் மட்டுமே நலம் பெறவேண்டும் என்று வற்புறுத்தாமல் மருத்துவரைக் கொணர்ந்து அமர்த்தினார். மனநோயை வெட்கமாக எண்ணி மறைத்த காலத்தில் இது சிறிய செயல் அன்று.

ஏசுநாதர் தம் மலைப்பொழிவில் வானத்துப் பறவைகளையும் காட்டு மலர்களையும் காட்டி, நாளையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்றார். அவ்வசனத்தைச் சிலர் சாட்டைபோல வீசுவர். கவலைப்படுகிறவனுக்கு நம்பிக்கை இல்லை என்று பழிப்பர். ஆறுதலாகச் சொன்னதைக் குற்றப்பத்திரிகை ஆக்குவது கொடுமை. பறவையும் விடியலில் எழுந்து இரை தேடத்தானே செய்கிறது? இருட்டியதும் கூடு திரும்பி உறங்குகிறது, அவ்வளவே. அவ்வசனத்தில் கவலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல், மனம் பிளவுபடுதல் என்னும் பொருளை ஒட்டியது என்று அறிஞர் சிலர் கூறுவர். நம் பழந்தமிழ்க் கவர்வழி நினைவுக்கு வருகிறது அன்றோ?

அன்று ஜெபாலயத்தை விட்டு வெளியே வந்ததும், ஆசிரியர் என்னை ஊரிலிருந்த மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் நாடி பார்த்தார். எத்தனை வேளை காப்பி குடிக்கிறாய் என்று கேட்டார். மாலைக்குமேல் காப்பி வேண்டாம், நாள்தோறும் நடக்கவேண்டும், ஒரே நேரத்தில் படுக்கவேண்டும், பத்து நாள் கழித்து வந்து காட்டவேண்டும் என்றார். சாமல்பட்டியில் இறங்கியபோது கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. "நடை இன்றைக்கே தொடங்கிவிட்டது" என்று ஆசிரியர் சிரித்தார். புளியமரச் சாலை வழியே ஊத்தங்கரை வரை நடந்தோம். அன்றிரவு ஓரளவு உறங்கினேன். அவ்வாண்டு ஒரு தாளில் தோற்றேன். செப்டம்பரில் மீண்டும் எழுதினேன்.