துவைத்தாலும் கலையாத மடிப்பு: ஓரிகாமி உடைகள் அந்தமானுக்கு செட் ஆகுமா?

காலையில் பார்த்துப் பார்த்து வைத்த காட்டன் புடவைக் கொசுவம், ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் கசங்கிவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமானில் கேட்கவே வேண்டாம். ஆனால், ஜப்பானியக் காகித மடிப்புக் கலையான ஓரிகாமி பாணி உடைகளைத் துவைத்தாலும் மடிப்பு அப்படியே நிற்கிறது. எப்படி?

யார் செய்தார்கள்?

ஹிரோஷிமாவில் 1938-ல் பிறந்த வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே. வழக்கமாகத் துணியை மடித்துவிட்டுத் தைப்பார்கள். 1993-ல் வந்த அவரது 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' இதைத் தலைகீழாக்கியது. முதலில் பெரிய அளவில் உடையைத் தைத்து, பிறகு காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூடாக அழுத்தினார்கள். 2010-ல் '132 5.' வந்தது. தட்டையாக மடிந்து கிடக்கும் ஒரே துணி, கையில் தூக்கினால் கவுனாக எழுந்து நிற்கும். இதற்கு கணினி விஞ்ஞானி ஜுன் மிதானியின் மடிப்புக் கணக்குகள் உதவின.

ரகசியம் என்ன?

சிம்பிளா சொன்னால், பாலியெஸ்டர். சூட்டில் இளகி, ஆறும்போது அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். காட்டனில் ஈரம் பட்டாலே மடிப்பு தளர்ந்துவிடும்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

ஆமதாபாத்தின் ஆஷா சாராபாயுடன் 1980-களிலேயே மியாகே கைகோத்தார். 2000-ல் மகிகோ மினகாவா தொடங்கிய மியாகே குழும பிராண்டின் பெயரே 'ஹாட்', அதாவது நம்ம ஊர்ச் சந்தை! அதில் இந்தியக் கைவேலைக்குத் தனி இடம் உண்டு.

நாமே செய்யலாமா?

செய்யலாம். ஒரே மாதிரி மடித்த இரண்டு கெட்டிக் காகிதங்களுக்கு நடுவே பாலியெஸ்டர் துணியை வைத்து, மடித்துக் கட்டி, ஆவி காட்டி, முழுசா ஆறிய பிறகே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் மடிப்பு நிற்காது.

சிக்கல் எங்கே?

பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. மடிப்பு உடலில் ஒட்டாமல் காற்று விடுவதால் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் கலக்கின்றன. தீவில் அந்தத் தண்ணீர் கடலைச் சேர அதிக தூரம் இல்லை.

அதனால் முழு உடைக்குப் பதில் கை, காலர், துப்பட்டா ஓரம் என அளவாக வைத்துக்கொள்ளலாம். காட்டன்தான் வேண்டுமென்றால், மடிப்பைத் தையல் போட்டுப் பிடிப்பதே வழி.