பிணத்துக்கு எந்த இடம் நல்ல இடம்?

லாஃபிங் புத்தா பொம்மை, மூன்று கால் தவளை, வாசலில் தொங்கும் மூங்கில் மணி... ஃபெங் சுயி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இவைதான். ஆனால் இந்த சாஸ்திரத்தின் பழைய நூல்களில் ஒன்று வீடு கட்டுவதைப் பற்றியதே அல்ல. செத்தவரை எங்கே புதைப்பது என்பதைப் பற்றியது!

கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்பவர் எழுதியதாகச் சீனர்கள் சொல்லும் நூல் அது. அதன் வாதம் ரொம்ப எளிது. பூமிக்குள் ஓர் உயிர்மூச்சு ஓடுகிறது. காற்று அடித்தால் அது கலைந்துவிடும், தண்ணீரைக் கண்டால் நின்றுவிடும். ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். பின்னால் மலையும் முன்னால் நீரும் இருக்கிற இடத்தில் அப்பன் எலும்பைப் புதைத்தால், அந்த மூச்சு எலும்பு வழியாகப் பிள்ளைகளுக்கு வந்து சேரும். பெய்ஜிங்குக்கு வடக்கே மிங் பேரரசர்கள் 13 பேரின் சமாதிகளும் இப்படி மலை அணைப்பில்தான் இருக்கின்றன. முதல் சமாதி வேலை தொடங்கியது 1409இல். மலேசியாவின் மலாக்காவில் சீனர் கல்லறைகளுக்கென்றே ஒரு குன்று உண்டு. அதன் பெயரே புக்கிட் சீனா, அதாவது சீனக் குன்று.

சரி, மலையும் ஆறும் எங்கள் திருக்கோவிலூர் பக்கமும்தான் இருக்கின்றன. மேற்கே கல்வராயன் மலை, ஊரை ஒட்டித் தென்பெண்ணை. நம்மவர்கள் எதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தார்கள்?

பழசிலிருந்து ஆரம்பிப்போம். கொல்லூர், தேவனூர் பக்கம் இரும்புக் காலத்துக் கல்திட்டைகளும் கல்வட்டங்களும் உண்டு. தமிழ்நாட்டில் இந்த மாதிரி இடங்களைக் காட்டி 'பாண்டவர் வீடு', 'குள்ளர் வீடு' என்று கதை சொல்வார்கள். உண்மையில் அவை இறந்தவர்களுக்கான வீடுகள். பொதுவாக இவை பாறையும் சரளையுமான மேட்டு நிலத்தில் இருக்கும். காமர்ஸ் படிக்கிறவன் புத்தி, எனக்கு முதலில் தோன்றியது வண்டிக்கூலி கணக்குதான் :-) அவ்வளவு பெரிய பலகைக் கல்லை வெகுதூரம் இழுப்பதைவிட, கல் கிடக்கிற இடத்துக்கே பிணத்தைக் கொண்டு போவது சுலபம். நெல் விளைகிற மண்ணும் மிஞ்சும். ஆனால் கணக்கு மட்டுமே இல்லை. தென்னிந்தியாவின் இத்தகைய கல்லறைகள் பலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளை இருக்கும், பெரும்பாலும் கிழக்குப் பக்கம். அந்தத் திசைக்கு ஏதோ ஓர் அர்த்தம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து கபிலர். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றுக்குள் நிற்கிற பாறைதான் கபிலர் குன்று. நண்பன் பாரி இறந்தபின் அவர் இங்கே வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது மரபு. அந்தக் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீயில் புகுந்தார் என்கிறது. எப்படியானாலும் பாறை அதேதான். வடக்கிருப்பதில் திசை முக்கியம், ஆனால் சந்ததிக்குச் செல்வம் வரும் என்ற கணக்கு அதில் இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் விட்டுவையுங்கள் என்றான் என்று புறநானூறு காட்டுகிறது. அங்கே இடத்தைத் தீர்மானித்தது நட்பு.

ஆற்றுக்கு அந்தப்புறம் மணம்பூண்டியில் மாத்வ குரு ரகோத்தம தீர்த்தரின் பிருந்தாவனம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைந்தது. அந்த இடத்துக்கு இன்றும் பக்தர்கள் வருகிறார்கள். சீனத்தில் இடம் நல்லதாக இருந்தால் புதைக்கப்பட்டவரால் குடும்பத்துக்கு நன்மை. இங்கே புதைக்கப்பட்டவர் பெரியவராக இருந்தால் அந்த இடமே புண்ணியமாகிவிடுகிறது. கிட்டத்தட்ட தலைகீழ்!

இதுவரை சொன்னதெல்லாம் புலவர், அரசன், குரு பற்றி. சாதாரண ஆளுக்கு?

மணிமேகலையில் புகார் நகரத்து மயானம் ஒன்று வருகிறது. சுடுவது, புதைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து முறைகள் அங்கே நடக்கின்றன. கூடவே இறந்தவரின் வருணத்தைக் காட்டும்படி வேறுவேறாக எழுப்பிய செங்கல் கோட்டங்களும் வருகின்றன. அங்கே மயானமாவது ஒன்றாக இருந்தது. நம் கிராமங்களில் அதுவே வேறு வேறு. அந்தத் தெரு சுடுகாடு, இந்தத் தெரு சுடுகாடு, இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. மழைக்காலத்தில் எந்தப் பாதையில் சேறு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் அருந்ததியர்களுக்கு நிரந்தர மயானம் கேட்டது. செத்தவர்களைக்கூட இந்தப் பிரிவினை விடவில்லையே என்று வருந்திய நீதிமன்றம், ஊருக்கு ஊர் எல்லாருக்கும் பொதுவான மயானம் அமைக்கலாம் என்று அரசுக்குச் சொன்னது.

சீனர்கள் மலையையும் நீரையும் பார்த்ததை மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் நாம் பார்ப்பது எதை? இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கவிஞருக்கு நட்டாற்றில் ஒரு குன்றையே கொடுத்து வைத்திருக்கிற மண் இது. இதே மண்ணில் ஆறடி நிலத்துக்கு ஒருவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அடுத்த தடவை கபிலர் குன்றைப் பார்க்க வந்தால், திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கிராமத்தில் சுடுகாட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். "எந்தச் சுடுகாடு?" என்று திருப்பிக் கேட்டால், இந்தக் கட்டுரை நினைவுக்கு வரட்டும்.