திருமண மோதிரமும் கைத்தொழிலும்: ஒரு வரலாற்று நோக்கு

மேனாட்டுத் திருமண மோதிரம் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் குறியீட்டுப் பொருளையே விரித்துரைத்துள்ளனர். தொடக்கமும் முடிவுமற்ற வட்டம் அழியாத அன்பைச் சுட்டும் என்பர். அவ்விளக்கம் பிழையென்று கூறுவதற்கில்லை. ஆயினும், கல்லும் செதுக்கு வேலையுமின்றி, வெறும் பொன் வளையமாக அம்மோதிரம் அமைந்தமைக்கான காரணத்தை அது தருவதில்லை. கல் பதித்த மோதிரமும் வட்டந்தானே. இரவும் பகலும், அடுப்படியிலும் வயலிலும் பட்டறையிலும் கழற்றப்படாது கிடக்க வேண்டிய அணி என்பதே அதன் வடிவத்தை வகுத்தது என்பது எமது கருத்து.

உரோமர் வழக்கிலிருந்து தொடங்கலாம். கி.பி. 79இல் இறந்த பிளினி, தமது காலத்திலும் மணம் பேசிய பெண்ணுக்குக் கல் பதியாத இரும்பு மோதிரமே அனுப்பப்பட்டதாகக் குறிப்பிடுகின்றார். அம்மோதிரம் எந்த விரலுக்குரியது என்ற வினாவுக்கு இரண்டு விடைகள் நமக்குக் கிடைக்கின்றன. இடக்கையின் நான்காம் விரலிலிருந்து நெஞ்சுக்கு நேரே ஒரு மெல்லிய நரம்பு செல்கின்றது என்பது 2ஆம் நூற்றாண்டினரான கெல்லியசு தரும் செய்தி. உடற்கூற்றியல் இதனை ஏற்பதில்லை; ஆயினும் இன்றளவும் பலராற் சொல்லப்படுவது இதுவே. மற்றைய விடையை 5ஆம் நூற்றாண்டினரான மக்குரோபியசு, கப்பித்தோ என்னும் சட்ட அறிஞரின் கூற்றாகத் தருகின்றார். வலக்கை ஓயாது தொழில் செய்வது. ஆதலின் முத்திரைக்கல் உடையாதிருக்க மோதிரம் இடக்கைக்கு மாறிற்று. அக்கையிலும் ஏனைய விரல்களை ஒவ்வொரு காரணத்தால் விலக்க, மிகக் குறைவாகத் தொழிற்படும் நான்காம் விரலே எஞ்சியது என்பது அவர் விளக்கம். கப்பித்தோ பேசுவது முத்திரை மோதிரத்தைப் பற்றியே. எனினும், அணிவோரின் கைத்தொழிலை நோக்கி இடம் வகுத்த அந்த அறிவு பாராட்டத்தக்கது. எல்லா நாட்டாரும் இடக்கையை ஏற்றுக்கொண்டனர் என்று கருதிவிடலாகாது. இங்கிலாந்திலேயே 1549ஆம் ஆண்டு வழிபாட்டு நூல்தான் வலக்கையிலிருந்து இடக்கைக்கு அதனை மாற்றியது. ஜெர்மனியிலும் போலந்திலும் இன்றும் வலக்கையே வழக்கு.

இங்கிலாந்தில் மோதிரங்களிற் சிறு வாசகங்களைப் பொறிக்கும் வழக்கம் இருந்தது. முதலில் வெளிப்புறத்தில் தீட்டப்பட்ட இவ்வாசகங்கள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் உட்புறத்துக்குச் சென்றன. அன்பின் அந்தரங்கம் என இதற்குப் பொருள் கூறுவர். வெளிப்புறம் தேயும், உட்புறம் அத்துணை தேயாது என்ற உண்மையைப் பொற்கொல்லன் அறியாதிருந்திருப்பானா?

இனி, அப்பொற்கொல்லனின் வேலையைச் சற்று நெருங்கி நோக்குவோம். பொன்னை மூசையில் உருக்கிப் பாளமாக வார்த்து, அடித்து நீட்டிப் பட்டையாக்குவான். அடிக்க அடிக்கப் பொன் இறுகி வெடிக்க முற்படும். ஆதலின் இடையிடையே தழலிற் காய்ச்சி இளக்க வேண்டும். அடுத்து, அளவு. 17 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள விரலளவுக்கு 2 மில்லிமீற்றர் தடிப்பான பட்டையை எவ்வளவு நீளமாக வெட்டுவது? உள்விட்டத்தை மட்டும் கணக்கிட்டால் ஏறக்குறைய 53 மில்லிமீற்றர் வரும். அவ்வாறு வெட்டினால் மோதிரம் விரலுள் நுழையாது. தடிப்பையும் சேர்த்து 19ஐக் கொண்டு கணக்கிட்டால் ஏறக்குறைய 60 வரும். அதுவே சரியான நீளம். கூம்பு வடிவான இரும்புக் கோலிற் பட்டையை வளைத்து, முனைகளை ஒளி புகாதவாறு பொருத்தி, வெண்காரமிட்டுப் பற்றாசு வைத்து ஊதிப் பற்றவைத்தபின், கொட்டாப்புளியால் தட்டி வட்டமாக்குவான். பற்றாசு மோதிரத்துக்கு முன்னே உருக வேண்டும். எனினும் மாற்றிற் பெரிதும் தாழ்ந்ததாகவும் இருத்தல் கூடாது. இறுதியில் உள்விளிம்புகளை அரத்தால் உருட்டி மழுக்குவான். பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாத இவ்வேலையே அணிபவரின் தோலை அறுக்காது காப்பது. அகன்ற பட்டை விரலை இறுக்குமாதலின், ஒடுங்கிய பட்டையிலும் சற்றுத் தளர்வாக அதனை அமைக்க வேண்டியிருக்கும். உழைக்கும் கைக்கு உயர்ந்து நிற்கும் கல் இடையூறு. துணியிலும் கயிற்றிலும் சிக்கும். எனவே வெறும் வளையத்தை வறுமையின் அடையாளம் எனல் பொருந்தாது.

பொன்னின் மாற்றுப் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. 22 கரட் பொன் நிறத்தாற் சிறந்ததாயினும் மென்மையால் விரைவில் தேயும். 9 கரட்டில் நூற்றுக்கு 37.5 பங்கே பொன். அது கடினமானது, மலிவானது. 1854ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் 15, 12, 9 கரட் தரங்களுக்கு இடமளித்தது. கண்ணாற் பார்த்துத் தரம் அறிய இயலாத ஏழை மணமகன் ஏமாற்றப்படக்கூடிய நிலை இது. மறு ஆண்டே, பொன்னாலான திருமண மோதிரம் ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்படல் வேண்டும் எனத் தனிச் சட்டம் பிறந்தது. அம்முத்திரையும் மோதிரத்தின் உட்புறத்திலேயே இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இங்கே பொன்னுருக்கல் நினைவுக்கு வருதல் இயல்பு. தாலிக்குரிய பொன்னை நன்னாளில், மணமகன் இல்லத்தில், உறவினர் சூழ்ந்திருக்கப் பொற்கொல்லர் உருக்குகின்றார். அது மங்கலச் சடங்கே; ஆயினும் உருகும் பொன்னை உற்றார் கண்ணாரக் காண்பதில் ஒரு சான்றும் அடங்கியுள்ளது. அங்கே அரசு முத்திரையால் உறுதிசெய்ததை இங்கே சுற்றம் கண்ணால் உறுதிசெய்தது எனலாம்.

இரண்டாம் உலகப்போர் இம்மோதிரத்தை மேலும் எளிமையாக்கிற்று. பொன் தட்டுப்பாட்டால் 1942இல் பிரித்தானிய அரசு, 9 கரட்டாலான, எடை வரையறுக்கப்பட்ட, தனி முத்திரை தாங்கிய சிக்கன மோதிரத்தை அறிமுகம் செய்தது. போருக்குச் செல்லும் ஆடவரும் மனைவியரின் நினைவாக மோதிரம் அணியும் வழக்கம் அக்காலத்திலேயே அங்கு பரவலாயிற்று. போருக்குப் பின்னர் கல்லும் பொன்னும் தாராளமாகக் கிடைத்தன. அப்போதும் இருபாலார் கைகளிலும் நிலைத்தது அந்த வெறும் வளையமே.