வாகரைக் களப்பும் கண்டற்காடும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில் அமைந்தது வாகரை. கிழக்கே கடல், மேற்கே காடு, இரண்டிற்கும் இடையே பனிச்சங்கேணிக் களப்பு என்றும் உப்பாறு என்றும் வழங்கும் நீர்ப்பரப்பு. இக்கரைகளில் வாழும் வேடர் மரபினர் தமிழ் பேசுவோர்; மீன்பிடித்தலும் தேனெடுத்தலும் அறிந்தோர். கீழ்மாகாணத்துக் கரையோர வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலேயே எழுதியுள்ளனர்.

'பசுமைத் தொழில்' என்பது புதுச்சொல். பொருளோ பழையது. நைலோன் வருமுன் இலங்கையின் களப்புக்கரைகளில் வலைகள் பருத்தி நூலால் ஆனவை. கண்டற்பட்டையை அவித்தெடுத்த சாற்றில் தோய்த்துக் காயவைத்தால், அந்நூல் உப்புநீரில் எளிதில் இற்றுப்போகாது. நீர்கொழும்பிலோ மீனவர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். மரக்கிளைகளை ஆழமற்ற நீரில் நெருக்கமாக நட்டு, அங்கே ஒதுங்கும் மீனை வளைத்துப் பிடித்தனர். அக்கிளைகளுக்காகவே கண்டலை நட்டும் வளர்த்தனர். மரம் இருந்தாற்றான் தொழில். ஆதலின் காவலுக்கு ஆள்வைக்க வேண்டியிருக்கவில்லை.

நைலோன் வலை வந்தது. பட்டைக்கு மதிப்பில்லாது போயிற்று. புத்தளம், சிலாபம் பகுதிகளில் 1980களில் இறாற்பண்ணைகள் பெருகின, கண்டல்கள் அழிந்தன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவவே பண்ணைகள் பலவும் கைவிடப்பட்டன. இறாலும் இல்லை, மரமும் இல்லை என்ற நிலை.

வாகரைக்கு நேர்ந்தது வேறு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை. 2006இன் இறுதியிலும் 2007 ஜனவரியிலும் போரும் இடப்பெயர்வும். மீண்டு வந்தோர் பலருக்குக் களப்பே கைமுதல்.

ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையெங்கும் கண்டல் நடும் பணி முனைப்புற்றது. அதன் பயனை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு கசப்பான உண்மையைக் கூறுகிறது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே தேறியது. ஆராய்ந்த 23 இடங்களுள் 9இல் ஒரு கன்றும் எஞ்சவில்லை. நீர்மட்டம் அறியாது நட்டமையும், நட்டபின் பேணாமையும் காரணங்கள். கன்று நடுதல் ஒருநாள் விழா. பேணுதலோ பல்லாண்டு உழைப்பு. கூலி பெரும்பாலும் முதலாவதற்கே கிடைத்தது!

இக்குறையை ஓரளவு உணர்ந்ததே 2015இல் தொடங்கிய திட்டம். இலங்கை அரசும், சீக்கொலொஜி என்னும் அமெரிக்க நிறுவனமும், சிலாபத்துச் சுதீச அமைப்பும் ஒன்றுகூடி, 34 இலட்சம் டொலர் செலவில், நாட்டின் 8,815 ஹெக்டேயர் கண்டற்காட்டைக் காக்க முன்வந்தன. 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளிப்பது, அதற்கு ஈடாக அவர்களின் ஊர்கள் அயலிலுள்ள கண்டலைக் காப்பது என்பதே ஏற்பாடு. பட்டைச் சாயம் அவித்த காலத்து நியாயமே இது; நடுவில் கடன்புத்தகம் வந்து சேர்ந்துள்ளது.

இலங்கையின் கண்டல் மீட்பை ஐக்கிய நாடுகள் 2024 பெப்ரவரியில் உலக முன்மாதிரிகளுள் ஒன்றாக அறிவித்தது. அதனையொட்டிய ஆண்டுகளிலேயே, தம் கரையில் இல்மனைற்று மணல் அகழ்வதையும் இறாற்பண்ணை அமைப்பதையும் எதிர்த்து வாகரை மக்கள் வீதிக்கு வந்தனர்.