யுனிக்ஸ் முதற்பதிப்பு மீண்ட வரலாறு



வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே நம் நினைவிற்கு வருகின்றன. தட்டச்சிற் பதிந்த ஒரு கடதாசிக் கட்டும் அவற்றோடு வைத்து எண்ணத்தக்க சான்று ஆகலாம். இன்று நாம் எடுத்துக்கொண்ட கட்டு 1972ஆம் ஆண்டு யூன் மாதத் தேதி இடப்பெற்றது. அதில் இருந்தது கதையன்று, கணக்குமன்று. ஒரு கணினியை நடத்திய கட்டளைகளின் வரிசை அது. ஆக்கியோர் கையிலேயே முழு மூலம் இல்லாமற் போன பின்னர், அக்கடதாசிகளைக் கொண்டே அம்முறைமையைச் சிலர் 2008ஆம் ஆண்டில் மீண்டும் இயங்கச் செய்தனர். அது எவ்வாறு கைகூடியது, இடையிலே தோன்றிய பிழைகளை எவ்வாறு இனங்கண்டனர் என்பதே நம் உரைப்பொருள்.

கணினி என்னும் பொறி தானாக ஒன்றும் அறியாது. அதன் நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைப் பேணி, ஒருவர் தட்டும் எழுத்தை உரிய செய்நிரலிடம் சேர்ப்பிக்க ஒரு மேலாளர் வேண்டும். அம்மேலாளரைப் பத்திரிகைகள் இயங்குதளம் என்கின்றன. நம் நாட்டுப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. யுனிக்ஸ் என்பது அத்தகைய முறைமைகளுள் ஒன்று. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், மறே ஹில் என்னும் இடத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், 1969ஆம் ஆண்டு கென் தொம்சன் என்பவர் அதனைத் தொடக்கினார். டெனிஸ் றிச்சி முதலியோர் துணைநின்றனர். பி.டி.பி. 7 என்னும் சிறு கணினியிற் பிறந்த அது, பின்னர் பி.டி.பி. 11 என்னும் புதுப் பொறிக்கு மாற்றப்பட்டது. அப்பொறியை வாங்குதற்குக் காட்டப்பட்ட காரணம், உரைகளைத் தொகுத்து அச்சுக்கு ஆயத்தஞ்செய்யும் வசதி. ஆய்வுகூடத்தின் புத்தாக்க உரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டச்சாளர்களே அதன் ஆதிப் பயனாளர்களுள் இருந்தனர். முதற்பதிப்பின் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி இடப்பெற்றுள்ளது.

அப்பொறியின் நினைவகம் முழுவதும் 24 ஆயிரம் பைற்றுகள் அளவினது. அதில் 16 ஆயிரம் முறைமைக்கு. எஞ்சிய 8 ஆயிரமே பயனாளரின் செய்நிரலுக்கு. இன்று ஒருவர் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனிலும் பன்மடங்கு பெரிது. இத்துணைச் சிறிய வித்திலிருந்து கிளைத்த மரபைச் சேர்ந்ததே ஆப்பிள் நிறுவனத்து மடிக்கணினிகளின் முறைமை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், யுனிக்ஸின் வரிகளைப் பெயர்த்ததன்று. எனினும் அதனை மாதிரியாகக் கொண்டு எழுந்தது. ஆதலால் முதற்பதிப்பு மறைந்துபோவதென்பது, கிளைகளும் இலைகளும் நம் மடிமீது இருக்க, வேரை எவரும் காணமுடியாமற் போவதாகும்.

அது பெரும்பாலும் மறைந்தே போயிருந்தது. ஆக்கியோர் அலட்சியக்காரர் அல்லர். நாள்தோறும் திருத்தப்படும் ஒரு செய்நிரலில் நேற்றைய வடிவத்தைப் பேணவேண்டும் என்று அக்காலத்தில் எவருக்குத் தோன்றும்? காந்தநாடா விலையுள்ள பொருள். பழையதை அழித்துப் புதியதைப் பதிவதே வழக்கம். ஆயினும் சில சிறு நாடாச் சுருள்கள் பெல் ஆய்வுகூடத்தில் தப்பியிருந்தன. அவற்றைப் படிக்கும் கருவியோ வழக்கொழிந்தது. போல் விக்சி, கீத் பொஸ்டிக் என்னும் இருவர் அத்தகைய கருவி ஒன்றைத் தேடிப்பிடித்து, வேறொரு கணினியோடு பொருத்தி, சுருள்கள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்தனர். அவற்றிலே இயங்கத்தக்க சில செய்நிரல்களும் சி மொழியின் மிகப் பழைய மொழிபெயர்ப்பியும் இருந்தன. முறைமையின் கருப்பகுதி மட்டும் நாடாவில் இல்லை. அது கடதாசியில் இருந்தது. பெல் ஆய்வுகூடத்தின் உள்விளக்க நூல் ஒன்றிலே அதன் கட்டளை வரிகள் அச்சாகியிருந்தன. கலிபோர்ணியாவிலுள்ள கணினி வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த அல் கொசோ அப்பக்கங்களை வருடியால் ஒளிப்படமாக்கினார். அவுஸ்திரேலியரான வாரன் டூமியும் அவரோடு கூடிய தொண்டர் குழுவினரும் 2008இல் பணியைத் தொடங்கினர்.

கருப்பகுதியை இயக்குதற்கு உரிய பொறி வேண்டுமன்றோ? பி.டி.பி. 11 வரிசையின் மாதிரி 20 எங்கே கிடைக்கும்? அதற்காக அவர்கள் நாடியது எமியுலேட்டர் என்பதை. ஒரு கணினியினுள்ளே மற்றொரு கணினியைப் போல நடந்துகாட்டும் செய்நிரல் அது. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் புதிய 360 வரிசைப் பொறிகளை அறிமுகஞ் செய்தபோது, வாடிக்கையாளரின் பழைய செய்நிரல்கள் வீணாகாதபடி இம்முறையைக் கையாண்டது. அதுமுதல் அச்சொல் வழக்கூன்றியது. நாம் இதனைப் போலிப்பொறி எனலாம். போலி என்றதும் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. இலக்கணத்திலே போலி என்பது எழுத்து மாறினும் பொருள் மாறாத சொல். ஐந்து என்பதும் அஞ்சு என்பதும் ஒன்றே. பந்தல் என்பதும் பந்தர் என்பதும் ஒன்றே. அதுபோலவே இரும்பும் கம்பியும் மாறினும் கணிப்பின் பொருள் மாறாதிருத்தல் போலிப்பொறியின் இலக்கணம். பொப் சப்னிக் என்னும் பொறியியலாளர் பழைய கணினிகள் பலவற்றுக்கு இத்தகைய போலிகளை ஆக்கி, சிம்-எச் என்னும் தொகுதியாக எவரும் எடுத்தாளத் தந்திருந்தார். ஒரு சாதாரண மடிக்கணினியின் திரைக்குள் 1970ஆம் ஆண்டுப் பொறி ஒன்று நிற்கும்.

இனிப் பெயர்த்தெழுதும் வேலை. ஒளிப்படத்திலுள்ள எழுத்தை இனங்காணும் செய்நிரல்கள் உண்டு. அவை மங்கிய தட்டச்சிலே ஒன்று என்னும் இலக்கத்தையும் 'எல்' என்னும் எழுத்தையும் மயங்கும். சுழியத்தையும் 'ஓ' என்பதையும் மயங்கும். ஆகவே தொண்டர்கள் பக்கம் பக்கமாக மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினர். யுனிக்ஸின் பழைய கட்டளைமொழியில் ஒரு விசேடம் உண்டு. பத்து என்னும் வடிவில் எழுதிய எண்ணின் பின் புள்ளி இருந்தால் அது பத்து. புள்ளி இல்லையேல் எட்டை அடியாகக் கொண்ட எண்ணாகி, எட்டு என்றே பொருள்படும். தட்டச்சு நாடாவின் மை சற்று மங்கினாலும் போதும், பத்து எட்டாகிவிடும்! நம் ஏட்டுச்சுவடிகளில் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. படிப்பவர் சொல்லின் பொருளறிந்து புள்ளியைத் தாமே கொள்வர். மனிதனுக்கு அது கூடும், பொறிக்குக் கூடாது. அதற்குப் பொருளுணர்ச்சி இல்லை. எட்டு என்று இருந்தால் எட்டு என்றே கொண்டு, பிழையான இடத்திலே போய் நிற்கும்.

வரிகள் ஒருவாறு சேர்ந்தபின், முறைமையைப் போலிப்பொறியில் ஏற்றி இயக்கிப் பார்க்கும் கட்டம். இங்கேதான் வரலாற்று மாணவன் உன்னிப்பாகக் கவனிக்கவேண்டிய நெருக்கடி உள்ளது. இயங்காத முறைமை தான் ஏன் இயங்கவில்லை என்று சொல்லாது, வாளா கிடக்கும். பிழை எங்கே? பெயர்த்தெழுதியவர் கையில் இருக்கலாம். அச்சிட்ட மூலத்திலேயே இருக்கலாம். மூலமும் பெயர்ப்பும் செவ்வையாயிருக்க, போலிப்பொறி உண்மைப் பொறியினின்று வழுவியிருக்கலாம். இவை யாவும் சரியாயிருந்து, இயக்குபவர் அக்காலத்து முறையை அறியாதவராயிருக்கலாம். ஒரே மௌனத்துக்கு நான்கு காரணங்கள். பாடசாலைக் கணினிக்கூடத்திலே எம் மாணவர்கள் எடுத்தவுடனே, "சேர், கணினி பழுது" என்பர். பழுது என்பது முடிவு. விசாரணைக்கு அது தொடக்கமாகாது.

விசாரணைக்குப் போலிப்பொறி தரும் வசதி ஒன்று உண்டு. உண்மைப் பொறி ஓடத்தொடங்கினால் அதன் முகப்பிலுள்ள விளக்குகளின் மினுக்கமே சாட்சி. போலிப்பொறியையோ எந்தக் கட்டளையிலும் நிறுத்தலாம்; நினைவகத்தின் ஒவ்வோர் அறையையும் திறந்து பார்க்கலாம்; ஒரு கட்டளை நடத்தி மீண்டும் நிறுத்தலாம்; குழப்பம் நேர்ந்தால் முன்னிருந்த நிலையிலிருந்து மறுபடி தொடங்கலாம். காலத்தைக் கைப்பிடியில் வைத்து ஆராயும் வாய்ப்பு இது.

குறை மூலத்தில் அன்றிப் போலிப்பொறியில் இருந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். மாதிரி 20 கணினிக்குப் பெருக்கவும் வகுக்கவும் கட்டளைகள் இல்லை. அவ்வேலைக்குத் தனிப்பெட்டி ஒன்றைப் புறத்தே பூட்டுவார்கள்; எண்களை அதன் அறைகளில் இட்டால் விடை மற்றோர் அறையில் வரும். யுனிக்ஸின் ஆதி வரிகள் அப்பெட்டி உண்டு என்று நம்பியே எழுதப்பட்டவை. சிம்-எச் தொகுதியில் அப்பெட்டிக்குப் போலி இருக்கவில்லை. ஏனைய செய்நிரல்கள் எவையும் அதனைக் கேட்டிராமையே காரணம் போலும். மூல வரிகளை வேறுவிதமாக மாற்றியெழுதி அத்தடையைக் கடந்திருக்கலாம். அது எளிதான வழி; தவறான வழியுமாகும். குழுவினர் மூலத்தைத் தொடவில்லை. பெட்டிக்கே போலி செய்து பொறியோடு சேர்த்தனர்.

மற்றொரு சிக்கல் இவ்வளவு எளிதில் தீரவில்லை. கடதாசியிலிருந்து வந்த கருப்பகுதி மூத்தது. நாடாவிலிருந்து வந்த செய்நிரல்களுட் பல இளையவை. அக்காலத்து ஒவ்வொரு செய்நிரலின் தலையிலும் ஒரு குறியெண் உண்டு. முதற்பதிப்பில் அது 405. அடுத்து வந்ததில் 407. இவை வெறும் முத்திரையல்ல. தலைக்குறிப்பைத் தாண்டி அப்பால் உள்ள வரிக்குச் செல்க என்று பொறிக்கு இடும் கட்டளையே அவ்வெண். தலைக்குறிப்பு ஆறு சொல் நீளத்திலிருந்து எட்டுச் சொல்லாக வளர்ந்தபோது, தாண்டும் தூரமும் கூடி, 405 என்பது 407 ஆயிற்று. மூத்த கருப்பகுதி 405 ஒன்றையே அறியும். 407 என்ற நெற்றிக்குறியோடு வந்த செய்நிரலை அது செய்நிரலென்று மதிக்காது. தந்தை ஒரு பதிப்பு, மைந்தர் மறு பதிப்பு, இருவருக்கும் பேச்சில்லை.

இங்கே குழுவினர் கருப்பகுதியில் கைவைக்கவே நேர்ந்தது. 407ஐயும் ஏற்கும்படி சில வரிகளைத் திருத்தினர். ஆயின் அவர்கள் அதனைச் செய்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். கடதாசியிற் கண்டபடியுள்ள பக்கங்கள் ஓரிடத்தில், திருத்தங்கள் வேறோரிடத்தில். இயக்கவேண்டும்போது மாத்திரம் இரண்டும் சேரும். எது 1972ஆம் ஆண்டினது, எது 2008ஆம் ஆண்டினது என்பதை எவரும் பிரித்தறியலாம். பாடபேதத்தை மறைத்து, தம் திருத்தத்தையே ஆசிரியர் வாக்காகக் காட்டிய பதிப்பாளர்களை நாம் அறியாதவர்களா?

காலக்கணக்கும் ஒரு வேடிக்கை. முதற்பதிப்பு 1971ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதியைத் தொடக்கமாக வைத்து, ஒரு வினாடியை அறுபது கூறாக்கி எண்ணியது. 32 இருமை இலக்கங்களுள் அவ்வெண் அடங்கவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 829 நாளில் இடம் தீர்ந்துவிடும். அதாவது இரண்டேகால் ஆண்டு. பின்வந்த பதிப்பொன்றில் தொடக்க ஆண்டு 1972 ஆயிற்று; இறுதியில் அறுபதின்கூறும் கைவிடப்பட்டு, 1970ஆம் ஆண்டிலிருந்து வினாடிக் கணக்கு நிலைத்தது. ஆகவே பழைய நாடாவிலுள்ள ஒரு கோப்பின் தேதி என்ன என்று கேட்டால், எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது என்ற வினா முன்னே வந்து நிற்கும். சகாப்தம் தெரியாத கல்வெட்டிலே ஆண்டெண் மட்டும் இருப்பது போன்றது இது.

இவ்வளவும் கடந்து, உம் பெயர் யாது எனப் பயனாளரை வினவும் சொல் திரையில் தோன்றிற்று. முறைமை எழுந்தது. எனினும் நான்காவது காரணம் இன்னும் ஒழியவில்லை. இன்றைய பழக்கத்தோடு அதனுள் நுழைபவர் பிழைத்த எழுத்தை அழிக்க வழமையான சாவியைத் தட்டுவார், எழுத்து அழியாது. அக்காலத்தில் வேலிபோன்ற ஒரு குறியை இட்டால் முந்தைய எழுத்து நீங்கியதாகக் கொள்ளப்படும். தாளில் அச்சிடும் தட்டச்சுப் பொறியில் உண்மையாக அழிப்பது எங்ஙனம்? கோப்புத்தொகுதியை மாற்ற இன்று ஈரெழுத்துக் கட்டளை உண்டு, அன்று ஐந்தெழுத்து. வந்தவர் திகைத்து, முறைமை பழுது என்பார். பழுது அவர் பழக்கத்திலே.

எட்டாண்டு கழித்து, 2016இல், இதே வழியில் இன்னும் மூத்த பி.டி.பி. 7 யுனிக்ஸையும் மீட்கும் முயற்சி தொடங்கியது. அதற்கும் சான்று அச்சிட்ட வரிகளின் பிரதியே. பயனாளரின் கட்டளையை வாங்கும் பகுதி அப்பொழுது கிடைக்கவில்லை. அதனைப் புதிதாக எழுதினர். மூலத்தோடு கலவாமல் வேறாகவே வைத்தனர். போலிப்பொறியில் ஓடிய அது, உண்மையான பி.டி.பி. 7 ஒன்று அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து நூதனசாலைக்கு வந்துசேர்ந்தபின், 2019ஆம் ஆண்டில் அந்த இரும்புப் பொறியிலேயே ஏற்றி இயக்கப்பட்டது. போலியில் திருத்திச் செவ்வைசெய்த வரிகளை மெய்ப்பொறி ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டிலே அந்த நூதனசாலை கதவடைத்தது.