கூரையை வெட்டினால் தரை என்ன ஆகும்?



கல்யாண ஊர்வலத்தில் கூரையில்லாத பழைய கார் ஒன்று வந்தால் எல்லார் கண்ணும் அதன் மேல்தான். அப்படிப்பட்ட கார்களில் சில, கூரையோடு பிறந்து பிறகு வெட்டப்பட்டவை. அந்த வேலையின் வரலாற்றை இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் காரை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. 1930கள் வரை பெரும்பாலான கார்களுக்கு அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் இருந்தது. சேஸ் என்போமே, அதுதான். எல்லாப் பாரத்தையும் அது சுமந்தது. மாட்டுவண்டியின் மேல் கூண்டு கட்டியது போல, மேல்கூடு அதன்மேல் உட்கார்ந்திருந்தது. கூண்டைக் கழற்றினாலும் வண்டி ஓடும் அல்லவா? 1934இல் பிரான்சில் வந்த சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான் போன்ற கார்கள் அந்தத் தனிச் சட்டத்தைக் கைவிட்டன. தரை, பக்கம், கூரை எல்லாத் தகடுகளையும் வெல்டிங் செய்து ஒரே பெட்டியாக்கினார்கள். அன்று முதல் கூரையும் பாரம் சுமக்கத் தொடங்கியது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு ஷூ பெட்டியின் மூடியைச் சுற்றிலும் ஒட்டிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். ஈரத்துணி போல முறுகும்.

மோரிஸ் மைனரும் அப்படிப்பட்ட ஒரே பெட்டிதான். அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவரே. மாதிரி வண்டி குறுகலாகத் தோன்றவே, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து அகலத்தை முடிவு செய்தார். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானது. இரண்டு கதவு சலூன், துணிக்கூரை போட்ட டூரர் என்று இரு வடிவங்கள். இந்த டூரரைத்தான் பிறகு கன்வெர்டிபிள் என்றார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொழிற்சாலை வெறுமனே கூரையை விட்டுவிட்டு டூரர் செய்யவில்லை. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிக்குள் கூடுதல் தகடு வைத்தது. கதவுத் தூண்களின் அடியிலும், டேஷ்போர்டின் இரு பக்கமும் முட்டுக்கொடுத்தது. மேலே எடுத்த பலத்தைக் கீழே திருப்பிக் கொடுத்தது.

1969இல் கன்வெர்டிபிள் உற்பத்தி நின்றது. மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் வந்த மைனர்களில் திறந்த கார்கள் சிறு பங்குதான். எனவே விலை ஏறியது. இரண்டு கதவு சலூனை வெட்டி மாற்றும் வேலை பெருகியது. அதற்கு வேண்டிய பலப்படுத்தும் தகடுகளும் தனியாக விற்பனைக்கு வந்தன.

இந்த வேலையில் வரிசை முக்கியம். முதலில் அடிப்பகுதியின் துருவைச் சரிசெய்ய வேண்டும். பிறகு பலத்தகடுகளை வெல்டிங் செய்து, கதவு இடைவெளியில் தற்காலிக முட்டு வைக்க வேண்டும். கடைசியில்தான் கூரையில் ரம்பம். வரிசையை மாற்றினால் வண்டி நடுவில் தொய்யும்; கதவின் மேல் இடைவெளி குறுகும்; சாத்திய கதவு திறக்காது, திறந்த கதவு சாத்தாது.

முறையாகச் செய்தவர்களும் உண்டு. கென்ட் மாவட்டத்தின் வெஸ்டர்ஹாமில் இருந்த கிரேஃபோர்ட் நிறுவனம் 1960களில் மினி, கார்ட்டினா போன்ற கார்களைத் திறந்த கார்களாக்கியது. 1966இல் ஹைன்ஸ் உணவு நிறுவனம் ஒரு போட்டிக்குப் பரிசாகத் தந்த வூல்ஸ்லி ஹார்னெட் கார்கள் அங்கே மாற்றப்பட்டவையே. எத்தனை தெரியுமா? அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற எண்ணான 57!

வெட்டுவது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். மைனரின் சேஸ் எண் தகட்டில் சலூனுக்கு ஒரு குறியீடு, டூரருக்கு வேறொன்று. நேர்மையானவர் 'மாற்றிய வண்டி' என்று சொல்லியே விற்பார். சொல்லாமல் விற்றால் வாங்குபவருக்குப் பணம் மட்டும் போகாது. தரைக்குள் தகடு வைத்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தன் குடும்பத்தை அதில் உட்கார வைப்பார்.

நம் அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. அதாவது மைனரின் பங்காளி. அதுவும் தனிச் சட்டம் இல்லாத ஒரே பெட்டிதான். டிங்கரிங், வெல்டிங் தொழிலில் இருக்கும் என் மாணவர்களே, யாராவது அம்பாசடரைக் கொண்டுவந்து "கூரையை மட்டும் எடுத்துவிடு தம்பி" என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். அடியில் பலம் எங்கே வைப்பது? ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒப்புமா? பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

வாடிக்கையாளர் பார்ப்பது கூரையை. நீங்கள் பார்க்க வேண்டியது தரையை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்